அவர்களே அண்ணனின் குறுங்கதைகள்

உலகத்திலேயே மிகச் சிறிய கதைகளை எழுதியவரும், அவற்றை வாசிக்க மிக நீண்ட நேரம் எடுத்துக்கொண்டவரும் ஒரே மனிதர்தான். அவருக்கு மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. இதில் மிகை ஏதும் இல்லை. மூன்று வரிக் கதை ஒன்றை வாசிக்க அவர் மேடையேறி, முதல் வரிக்கு வருவதற்குள் அரங்கத்தின் வாடகை நேரம் முடிந்து, வாட்ச்மேன் வந்து விளக்கை அணைத்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அணைத்த வாட்ச்மேனையும் அவர் இருட்டில் வரவேற்றார்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது கடைப் பலகையில் இருக்கிறது. அங்கேயும் தொங்கும் மாலைகளுக்குப் பின்னால் பாதி மறைந்திருக்கிறது. மதுரையின் இலக்கிய வட்டாரத்தில் அவர் 'அவர்களே அண்ணன்'.

கூட்டங்களுக்குப் போய்ப் பழகியவர்களுக்குப் பெயர்க்காரணம் சொல்லாமலே விளங்கும். நம் ஊரில் மைக்கைப் பிடித்த யாரும் நேராக விஷயத்துக்கு வந்துவிட முடியாது. மேடையில் இருப்பவர்களைப் பெயர் சொல்லி, ஆளுக்கோர் 'அவர்களே' போட்டு, கடைசியில் 'இங்கே திரளாகக் கூடியிருக்கும்' என்று மிச்சப் பேரை ஒரே கட்டாகக் கட்டி ஓரமாக வைத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கவேண்டும். அண்ணனுக்கு அந்தக் கட்டுக் கட்டுகிற வேலை மட்டும் வராது. மேடையை முடித்துக்கொண்டு முதல் வரிசைக்கு இறங்குவார். அதை முடித்து இரண்டாவது வரிசை. அதன் பிறகு அரங்கில் யாரும் தப்ப முடியாது.

"மின்விசிறிக்கு அடியில் இடம் பிடித்து அமர்ந்திருக்கும் ஆடிட்டர் அண்ணன் அவர்களே! பக்கத்தில் தன் பைக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கும் சகோதரி அவர்களே! கதவோரம் நின்று, உள்ளே வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் தம்பி அவர்களே!"

அந்தத் தம்பி பக்கத்துத் தெருவுக்கு வழி கேட்க வந்தவர். மைக்கில் வரவேற்ற பிறகு எப்படிப் போவது? உட்கார்ந்துவிட்டார். இன்று எங்கள் வாசகர் வட்டத்தின் பொருளாளர் அவர்தான்.

இதுகூடப் பரவாயில்லை. தாமதமாக வருகிறவர்களால்தான் ஆபத்து. அண்ணன் நான்காவது வரிசையில் இருக்கும்போது வயதில் மூத்த ஒருவர் உள்ளே நுழைந்தார் என்றால், அவரைக் கடைசியில் சேர்க்க அண்ணனுக்கு மனம் வராது. "பொடிப்பயலுகளுக்குப் பின்னாடி பெரியவரைச் சொல்றதா? நல்லாருக்குமா தம்பி?" என்பார். ஆகவே மறுபடி தலைவரிலிருந்து தொடங்கி, வந்தவரை அவருக்குரிய இடத்தில் செருகி, திரும்பவும் நான்காவது வரிசைக்கு வந்துசேர்வார். எங்கள் வட்டத்தில் சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் உண்டு. அடிக்கடி எழுந்து வெளியே போய் வருவார். அவரை மட்டும் ஒரே உரையில் 'போய் வந்திருக்கும்', 'மீண்டும் போய் வந்திருக்கும்' என்று அண்ணன் வரவேற்றுக்கொண்டே இருந்ததில், மனிதர் வெட்கப்பட்டு அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை.

மதுரையில் நடக்கும் இலக்கியக் கூட்டங்களைத் தேதிவாரியாக நினைவில் வைத்திருப்பது என் பொழுதுபோக்கு. அண்ணனை நான் முதலில் பார்த்தது ஓர் ஆடி மாதம். தலைவரின் மடியில் ஆடித் தள்ளுபடிப் பை இருந்ததால் இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது. பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தின் மாடியறை. 'குறுங்கதை வாசிப்பு' என்று வாட்ஸப்பில் செய்தி வந்திருந்தது. அண்ணன் எழுந்தார், விளிக்க ஆரம்பித்தார். கூட்டம் முடிந்தது. குறுங்கதை என்றால் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

எங்கள் வட்டத்தின் இன்னொரு தூண் ஒரு சுங்குடிச் சேலை வியாபாரி. வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார், கடையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். அண்ணனுக்குப் பள்ளித் தோழர். அன்றைக்குப் படியிறங்கும்போது அவர் அண்ணனை மறித்துக்கொண்டார்.

"மாப்ள, கதை படிப்பேன்னுதான சொன்னே? டீயைக்கூட விட்டுட்டு உக்காந்திருந்தேன்டா."

"படிக்கத்தான் வந்தேன். அதுக்குள்ள சபை நாகரிகம்னு ஒண்ணு இருக்குல்ல."

"நாகரிகம் ரொம்ப நல்லாருந்துச்சு. கதை எப்ப?"

"அடுத்த மாசம்."

அடுத்த மாதமும் அப்படித்தான். அதற்கடுத்த மாதம் ஓர் இரங்கல் கூட்டம். எங்கள் வட்டத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் இறந்துபோயிருந்தார். மேடையில் அவருடைய படத்துக்கு மாலை போட்டிருந்தது. மாலை அண்ணனுடைய உபயம். அண்ணன் மைக் முன் நின்றார். கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு படத்தின் பக்கம் திரும்பி, "புகைப்படத்தில் புன்னகைத்துக்கொண்டிருக்கும் ஐயா அவர்களே" என்று ஆரம்பித்தார். நான் அவசரமாக இறந்தவரின் குடும்பத்தார் பக்கம் பார்த்தேன். ஆனால் இறந்தவரின் மகன் கடைசியில் ஓடிவந்து அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். "காலையில இருந்து எல்லாரும் 'மறைந்த, மறைந்த'ன்னே சொன்னாங்க சார். நீங்க ஒருத்தர்தான் அப்பாகிட்ட நேராப் பேசுனீங்க."

ஒருநாள் காலையில் அண்ணனைப் பார்க்கப் பூ மார்க்கெட்டுக்குப் போனேன். அங்கே நான் கண்ட மனிதர் வேறு ஆள். திருமங்கலம் பக்கத்திலிருந்தும் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்தும் சாக்குச் சாக்காக மல்லிகை வந்து இறங்கிக்கொண்டிருந்தது. வியாபாரிகள் சுற்றி நின்று விலை கேட்டார்கள். அண்ணன் வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்: "மல்லி. கப்பலூரு. ம். ம். ம்... போச்சு!" ஒரு சாக்குப் பூவின் தலையெழுத்து ஒரு மூச்சில் முடிந்துவிட்டது. அவருடைய குறுங்கதைகளின் நடை எங்கிருந்து வந்தது என்பது, பின்னால் அவற்றைப் படித்தபோது எனக்கு விளங்கியது.

ஆனால் ஏலம் தொடங்குவதற்கு முன்னால், சாக்கோடு நிற்கும் ஒவ்வொரு விவசாயியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மகளின் பிரசவம், கிணற்றில் தண்ணீர், மாட்டுக்கு வந்த காய்ச்சல், எல்லாம் விசாரித்தார்.

"ஏவாரத்துல இம்புட்டுச் சுருக்கமாப் பேசுறீங்க. மேடையில மட்டும் ஏண்ணே இப்படி?" என்று கேட்டேன்.

"தம்பி, இங்க நிக்கிற ஆள்ல ஒருத்தர் பேரைச் சொல்லாம விட்டேன்னு வைங்க, ஒண்ணும் சொல்லமாட்டாரு. மூஞ்சி மட்டும் லேசா வாடும். நாளைக்கு அவரு சாக்கு எதுத்த கடையில இறங்கும். கண்ணுல பட்டவரைக் கூப்பிடாம விடக்கூடாது. எனக்குத் தெரிஞ்ச ஏவாரம் அம்புட்டுத்தான்."

"கூட்டத்துக்கு வாரவங்க யாரும் பூச்சாக்கு கொண்டாரலையேண்ணே?"

"மூஞ்சி எல்லாருக்கும் ஒண்ணுதான தம்பி. வாடத்தான செய்யும்."

கைநிறைய மல்லிகையை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

இப்போது அண்ணனின் மனைவியைச் சொல்லவேண்டும். எங்கள் எல்லோருக்கும் அவர் மதினி. அண்ணனின் கூட்டங்களுக்கு மதினி பலமுறை வந்திருக்கிறார், கதை கேட்க. ஒருமுறைகூடக் கதை வந்ததில்லை. வீட்டில் வாசித்துக் காட்டலாமே என்று நான் ஒருமுறை அண்ணனிடம் கேட்டேன்.

"வீட்டுல நடக்காது தம்பி. மொத வரியில குக்கர் விசில் அடிக்கும். ரெண்டாவது வரியில பால்காரன் வருவான். 'இருங்க வாரேன்'னு போனா, வரவேமாட்டா. மேடையில படிச்சா எந்திரிச்சுப் போக முடியாதுல்ல?" என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரு கதை இருக்கு. அவ காதுல அது மைக்குல விழணும். ஆசை."

இந்த நிலையில்தான் அண்ணனின் முதல் புத்தகம் அச்சானது. பெயர் 'கூடையில் மிச்சம்'. உள்ளங்கை அகலம். கதைகள் பக்கத்துக்கு ஒன்றாக, நாலைந்து வரிகளில் இருந்தன. முன்னால் இருந்த நன்றியுரைதான் நீளம். பதிப்பாளர் கெஞ்சிப் பார்த்துவிட்டு, எழுத்தைப் பொடியாக்கி ஒருவழியாக அடக்கியிருந்தார். புத்தகக் கட்டுகளை அண்ணன் கடையில் ஈரச்சாக்குகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்ததால் ஒவ்வொரு பிரதியிலும் மல்லிகை வாசம் அடித்தது. மதினிக்கு மட்டும் ஒரு பிரதி தரவில்லை. மேடையில் வாசித்துவிட்டுத்தான் கையில் தருவாராம்.

"நானே கடையில வாங்கிப் படிச்சிர மாட்டேனா தம்பி?" என்று மதினி என்னிடம் சொன்னார். "படிக்கமாட்டேன். கட்டுன மனுசன் படிச்சுக் காட்டாத கதையை நான் எதுக்குக் காசு குடுத்துப் படிக்கணும்? எழுத்துத் திருவிழான்னு ஏதோ நடக்குதாம்ல. வாரேன். ஆனா இதுதான் கடைசி. அங்கயும் பேரு வாசிச்சே பொழுதைப் போக்குனாருன்னா, இனிமே கூட்டம்னு என்னைக் கூப்பிடவே கூடாது. அவருகிட்டயும் சொல்லிட்டேன்."

சொல்லியிருந்தார். அண்ணனின் முகத்தில் அது தெரிந்தது.

அந்த எழுத்துத் திருவிழா பசுமலையில் ஒரு கல்லூரியில், ஐப்பசி மாதம் நடந்தது. புரட்டாசி என்று சாதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை: மதியம் போட்டது கோழி பிரியாணி, அண்டா வழித்தெடுத்ததுபோல் காலியானது. புரட்டாசியில் எங்கள் ஊரில் அது நடக்குமா?

குறுங்கதைக்கென்றே ஓர் அமர்வு வைத்திருந்தார்கள். நடத்தியவர் அந்தக் கல்லூரிப் பேராசிரியை ஒருவர். ஆளுக்கு ஐந்து நிமிடம். முடிந்தால் மேசை மணியைத் தட்டுவார். மறுபடி தட்டினால் எச்சரிக்கை. மூன்றாவது முறை தட்டினால் மைக்கை நிறுத்தச் சொல்லிவிடுவார். காலை அமர்வையும் அவரே நடத்தியதால், மதியத்துக்குள் அவருக்கு 'மணி மேடம்' என்று பெயர் விழுந்துவிட்டது.

விழாவுக்கு முந்தைய வாரம் நானும் சுங்குடிக்காரரும் ஒரு டீக்கடையில் வைத்து அண்ணனுக்குப் பயிற்சி கொடுத்தோம்.

"ரொம்பச் சுளுவு மாப்ள. மைக்கப் பிடி. 'அனைவருக்கும் வணக்கம்'னு சொல்லு. கதையப் படி. எறங்கு."

"அனைவருக்கும்னா யாருக்கு?"

"எல்லாருக்கும்டா!"

"மார்க்கெட்டுல நின்னு 'எல்லாரும் வாங்க'ன்னு கத்துனா ஒருத்தன் வருவானாடா? பேரச் சொன்னாத்தான் ஆளு திரும்பும்."

"சரி, ஒத்திகை பாரு. நாங்க ரெண்டு பேருதான் சபை. ஆரம்பி."

அண்ணன் தொண்டையைச் செருமினார். 'அனைவருக்கும்' என்றார். பார்வை டீ மாஸ்டர் மேல் விழுந்தது. போச்சு. டீ மாஸ்டர், வடை எடுக்க வந்தவர், பெஞ்சில் பேப்பர் படித்தவர், சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கியவர் என்று போய்க்கொண்டே இருந்தது. டீ ஆறிப்போனது. சுங்குடிக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு, எனக்குப் புரியாத மொழியில் ஏதோ சொன்னார். நல்லவேளை, புரியவில்லை.

விழா நாளில் அண்ணன் வெள்ளை வேட்டி சட்டையில், பூக்கூடையோடு வந்தார். வாசலில் நுழைந்த ஒவ்வொருவருக்கும் பூக் கொடுத்தார். காலையில் புத்தகத்தை முறைப்படி வெளியிட்டார்கள், பொன்னாடை விழுந்தது, படம் எடுத்தார்கள். மதியத்துக்கு மேல் வாசிப்பு. மைதானத்தில் புத்தகக் கடைகள் போட்டிருந்தவர்களும் கேட்கட்டும் என்று வேப்பமரத்தில் ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள்.

குறுங்கதை வாசிப்பில் ஒரு சிக்கல், கதை முடிந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. முதலில் வாசித்த இளைஞர் ஒரே வாக்கியத்தில் ஒரு கதை சொன்னார். நாங்கள் அதைத் தலைப்பு என்று நினைத்துக் காத்திருந்தோம். அவரும் கைதட்டலுக்காகக் காத்திருந்தார். இரண்டு தரப்பும் வெகுநேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த பிறகு மணி மேடம் தலையிட்டு, "முடிஞ்சிருச்சு, தட்டுங்க" என்றார். அதன் பிறகு எல்லோரும் சுறுசுறுப்பாகிவிட்டார்கள். அடுத்து வந்த பெண் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோதும் தட்டினார்கள்.

அண்ணனின் முறை வந்தது. மதினி மூன்றாவது வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அண்ணன் மைக் முன்னால் புத்தகத்தைத் திறந்து வைத்தார். நானும் சுங்குடிக்காரரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அண்ணன் நிமிர்ந்தார். சுவரில் கல்லூரி நிறுவனரின் படம் கண்ணில் பட்டது.

"சட்டத்துக்குள் இருந்து நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கும் நிறுவனர் ஐயா அவர்களே..."

"முடிஞ்சது," என்றார் சுங்குடிக்காரர்.

அடுத்து மணி மேடம். மேடையில் இருந்த மற்ற எழுத்தாளர்கள். முதல் வரிசை. கடைசி நாற்காலியில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்த ஒருவரைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்து, 'ஆழ்ந்த சிந்தனையில் இருக்கும்' என்று மரியாதையாகச் சொன்னார். முதல் மணி அடித்தது. அண்ணன் வேகத்தைக் கூட்டினார். கதைக்கு வந்துவிடுவார் போல ஒரு நம்பிக்கை பிறந்தது. அப்போது பார்த்து, பிரியாணியின் கடைசிப் பந்தியில் சாப்பிட்ட கூட்டம் ஏப்பம் விட்டபடி உள்ளே வந்தது. அதற்கு முன்னால், கைத்தடி ஊன்றிக்கொண்டு, ஊரே மதிக்கும் மூத்த தமிழாசிரியர் ஒருவர்.

அண்ணன் அவரைப் பார்த்தார். கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். மதினியைப் பார்த்தார். நெற்றியில் வியர்வை. அந்த ஒரு நொடியில் மனிதர் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் நாக்கு பழகிய பாதையில்தான் போனது.

"சட்டத்துக்குள் இருந்து நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கும்..."

இரண்டாவது மணி அடித்தது. மதினி எழுந்தார்.

"நான் போறேன் தம்பி. இவரு பேரு சொல்லி முடிக்கிறதுக்குள்ள வீட்டுல தயிரு புளிச்சிரும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார், கண்ணில் சிரிப்பு இல்லை. விறுவிறுவென்று வெளியே நடந்தார். மேடையில் அண்ணனின் குரல் தடுமாறியது. ஓர் 'அவர்களே' பாதியில் உடைந்து, மறுபடி ஒட்டிக்கொண்டு, மெதுவாக நடந்தது.

சுங்குடிக்காரர் என் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "கண்ணுல பட்டவரைத்தான விடமாட்டான்? ஆளே இல்லேன்னா?" என்றவர், துள்ளி எழுந்து கத்தினார்: "போண்டா! வெளிய சூடா போண்டா போட்டிருக்காங்கய்யா! தீரப்போகுது!"

ஒரு மதுரைக் கூட்டத்தை இதைவிட வேகமாக யாராலும் கலைக்க முடியாது. பிரியாணிக் கூட்டம்தான் முதலில் ஓடியது. கைத்தடி ஊன்றி வந்த தமிழாசிரியர் கைத்தடியைத் தோளில் போட்டுக்கொண்டு போனதாகச் சிலர் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை கையில்தான் இருந்தது, ஆனால் தரையில் படவில்லை. மேடையில் இருந்த எழுத்தாளர்களும் இறங்கிவிட்டார்கள்.

வெளியே போண்டா இல்லை. மாஸ்டர் அப்போதுதான் மாவு கரைத்துக்கொண்டிருந்தார். ஏமாந்த கூட்டம் திரும்புவதற்குள் சுங்குடிக்காரர் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"யாரும் உள்ள போகாதீங்க சாமிகளா! தலை தெரிஞ்சா மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிப்பான். ஒரு கதை படிக்கட்டும். அவன் சம்சாரம் கேக்கணும்யா!"

விஷயம் அரை நிமிடத்தில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அதன் பிறகு நான் கண்ட காட்சியை எந்த ஊர் விழாவிலும் பார்க்க முடியாது. பேராசிரியர்கள், பதிப்பாளர்கள், கவிஞர்கள் எல்லோரும் ஜன்னலுக்குக் கீழே குத்தவைத்து உட்கார்ந்தார்கள். தலையைத் தூக்கிய ஒருவரைத் தமிழாசிரியர் கைத்தடியால் அமுக்கினார்.

நான் மதினியைத் தேடி வாசலுக்கு ஓடினேன். அதற்குள் வேப்பமரத்துக் குழாயில் அண்ணனின் குரல் கேட்டது.

"எல்லாரும் போயிட்டாங்களா மேடம்?"

"போண்டா சாப்பிடப் போயிருக்காங்க."

"நல்லது. சூடாச் சாப்பிட்டாத்தான் நல்லாருக்கும்."

மனிதருக்குக் கோபமே வரவில்லை.

"நான் இருக்கேன். நீங்க படிங்க," என்றது மணி மேடத்தின் குரல்.

"உங்களைத்தான் சொல்லிட்டேனே."

"சொல்லிட்டீங்க. ரெண்டு தடவை சொல்லிட்டீங்க."

"தூங்குறவரையும் சொல்லிட்டேன். அப்ப... கதையப் படிச்சிரவா?"

"படிச்சிருங்க."

மதினி கல்லூரி வாசலில் ஒரு ஷேர் ஆட்டோவில் ஒரு காலை வைத்திருந்தார். நான் மூச்சிரைக்க, "மதினி, கேளுங்க" என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் குழாய் பேசியது.

"திருமங்கலம் போகும் கடைசி பஸ். ஒரே ஒரு பயணி. கண்டக்டர் பழக்கத்தில், 'உள்ள தள்ளி நில்லுங்க' என்றார். பயணியும் பழக்கத்தில் தள்ளி நின்றார். உட்காரலாம் என்பது திருநகர் வரைக்கும் இருவருக்கும் தோன்றவில்லை."

ஜன்னலுக்குக் கீழே ஒரு கூட்டமே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. ஷேர் ஆட்டோ டிரைவர் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். "நேத்து நம்ம வண்டியில நடந்த மாதிரியே இருக்குக்கா!"

"வெளிய யாரோ சிரிக்கிறாங்க மேடம்."

"கதைக்குத்தான் சிரிக்கிறாங்க. அடுத்ததைப் படிங்க."

பக்கம் புரளும் சத்தம். அண்ணன் ஒருமுறை இருமினார். அடுத்த கதையை அவர் மெதுவாக வாசித்தார்.

"ஊருக்கே மல்லிகை விற்றான் ஒருவன். அவன் பெண்டாட்டி மட்டும் கனகாம்பரம்தான் வைப்பாள். ஏன் என்று கேட்டான். 'மல்லி, உங்க கடை வாசம். வீட்டுக்கு வந்தபெறகும் நீங்க கடையிலயே இருக்கணுமா?' என்றாள். மறுநாள் ஏலத்தில் எல்லாப் பூவும் போனது. ஒரு கூடைக் கனகாம்பரம் மட்டும், எத்தனை பேர் கேட்டும், யாருக்கும் போகவில்லை."

மதினியின் கை, தலையில் இருந்த கனகாம்பரத்துக்குப் போனது.

"அக்கா, ஏறுறீங்களா இல்லையா? வண்டி கெளம்பணும்."

"கொஞ்சம் சும்மா இருய்யா. கதை கேக்குறேன்ல!"

ஆட்டோ அவரை விட்டுவிட்டுப் போனது. மதினி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் கூடை வீட்டுக்கு வந்த அன்னைக்கு, 'விக்கலை, அழுகிப்போகும், வச்சுக்க'ன்னுதான் தம்பி சொன்னாரு. நானும் நம்புனேன். பொய்யைப் பாருங்க!" என்றார். பிறகு அரங்கத்தை நோக்கி நடந்தார். போகும்போது இருந்ததைவிட வேகம்.

கதவில் சுங்குடிக்காரர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். "தங்கச்சி, உள்ள போயிராதம்மா! உன்னைப் பார்த்தான்னா மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிச்சிருவான்!"

"ஆரம்பிக்கட்டும்ண்ணே," என்றார் மதினி.

சுங்குடிக்காரர் கையை இறக்கிவிட்டார். நாங்கள் எல்லோரும் ஜன்னல் விளிம்புக்கு மேலே கண்ணை மட்டும் தூக்கிப் பார்த்தோம். காலி நாற்காலிகளுக்கு நடுவே மதினி நடந்துபோய் முதல் வரிசையில் உட்கார்ந்தார். அண்ணன் அவரைப் பார்த்தார். மதினிக்கு எந்த 'அவர்களே' போடுவார் என்று நாங்கள் காத்திருந்தோம். குழாயில் வந்தது இதுதான்:

"போண்டா சாப்பிட்டியா?"

"இன்னும் போடலையாம். நீங்க அதை இன்னொரு தடவை படிங்க."

படித்தார். அதையும், அடுத்ததையும், அதற்கடுத்ததையும் படித்தார். ஐந்து நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது. மணி மேடம் மேசை மணியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

'கூடையில் மிச்சம்' முழுவதும் வாசித்து முடிந்த பிறகு நாங்கள் ஒவ்வொருவராக உள்ளே போனோம். முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு பேராசிரியர்கள், மாவுக் கையோடு போண்டா மாஸ்டர், எல்லாரும். அண்ணன் புத்தகத்தை மூடிவிட்டு அரங்கத்தைப் பார்த்தார். அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஆனாலும் நிறுவனரின் படத்திலிருந்து ஆரம்பித்தார். யாரும் எழுந்து போகவில்லை.

என் முறை வந்தபோது நானும் எழுந்து கும்பிட்டேன். இந்த ஊரில் எத்தனையோ கூட்டங்களுக்குப் போய், பின்வரிசையில் உட்கார்ந்து, தேதியை மட்டும் குறித்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறேன். என் பெயரை மைக்கில் சொன்னவர் அவர் ஒருவர்தான்.